மூட்டுவலி: குமரி மாவட்டத்து வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்குளம், விளவங்கோடு பக்கத்து வீடுகளுக்குப் போய் மூட்டுவலிக்காரர்களுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். பயிற்சி நடக்கும்போது யாரும் அதிகம் பேசுவதில்லை. புறப்படலாம் என்று வாசலில் செருப்பை மாட்டும்போதுதான், “மக்களே, ஒரு காரியம் கேக்கட்டா?” என்று தொடங்குவார்கள். அப்படி வாசலில் வைத்துக் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. படித்துவிட்டு மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

வயசானா முட்டு வலிக்கத்தானே செய்யும்? அதுக்கும் டாக்டரா?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதுகிறேன். முட்டு என்று எங்கள் ஊரில் சொல்வது முழங்காலை.

என் அம்மா அண்டி ஆபீசில் வேலை பார்த்தவர். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: முந்திரிக்கொட்டை உடைத்துப் பருப்பெடுக்கும் ஆலையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். 42 வயதில் அம்மாவுக்கு இரண்டு கையிலும் விரல் கணுக்கள் வீங்கின. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. வெந்நீர்ச் சட்டிக்குள் கையை வைத்துக்கொண்டு அடுக்களையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார். அதன்பிறகுதான் தீப்பெட்டியையே உரச முடியும். அக்கம்பக்கத்தில் எல்லோரும் “வயசாவுதுல்லா” என்றார்கள். 42 வயதுக்கு! முதலில் பார்த்த டாக்டரும் வலி மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பினார். பிறகு ஒருவரிடம் பெயர் எழுதாத பொட்டலத்தில் பொடி வாங்கி இரண்டு வருடம் தின்றார். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று நோயின் பெயர் தெரியவந்தபோது விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. இன்றுவரை அவை நிமிரவில்லை. முதல் ஆறு மாதத்துக்குள் சரியான மருந்து தொடங்கியிருந்தால் பெரும்பாலும் அந்த விரல்களைக் காப்பாற்றியிருக்கலாம்.

வயது ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் “வயசு” என்பது நோயின் பெயர் ஆகாது. உங்களுக்கு வந்திருப்பது எந்த வகை என்று ஒரு தடவையாவது பெயர் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லாம் வாதம்தானே? அதுல என்ன வகை?

நம் பேச்சில் முட்டு வலித்தாலும் வாதம், ஒரு பக்கம் இழுத்துக்கொண்டாலும் வாதம், பிள்ளைக்குப் போலியோ வந்தாலும் இளம்பிள்ளை வாதம். இந்தக் குழப்பத்திலேயே பாதி நாட்கள் வீணாகிவிடுகின்றன. மூட்டழற்சியில் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. நம் வீடுகளில் அதிகம் பார்ப்பது நான்கைந்துதான்.

மூட்டுத் தேய்மானம் முதலாவது. ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் என்று சீட்டில் எழுதியிருப்பார்கள். முட்டு, இடுப்பு, கை விரல்நுனிக் கணு, கட்டைவிரல் அடி ஆகிய இடங்களில் வரும். காலையில் விறைப்பு இருந்தாலும் பெரும்பாலும் அரைமணிக்குள் விட்டுவிடும். வேலை செய்யச் செய்ய வலி கூடும், உட்கார்ந்தால் குறையும்.

ருமட்டாய்டு நேர்மாறானது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. இரண்டு கையிலும் ஒரே இடத்துக் கணுக்கள் வீங்கும். காலை விறைப்பு ஒரு மணி நேரம்கூட நீடிக்கும். ஓய்வெடுத்தால் கூடும், கை கால் அசைத்தால் குறையும். அதோடு அசதி, சோகை, லேசான காய்ச்சல் என்று உடம்பு முழுவதையும் படுத்தும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

கவுட் என்கிற யூரிக் அமில வாதம் நடு ராத்திரியில் கால் பெருவிரலில் திடீரென்று பிடிக்கும். போர்வை பட்டாலே துடிப்பார்கள். இன்னொன்று இளவயது ஆண்களிடம் அதிகம் பார்ப்பது: ராத்திரி மூன்று மணிக்கு அடிமுதுகும் இடுப்பும் வலித்து எழுப்பிவிடும், எழுந்து நடந்தால் இலேசாகும். மூன்று மாதத்துக்கு மேல் இப்படி இருந்தால் அது வெறும் பைக் ஓட்டிய வலி இல்லை. முதுகெலும்பு மூட்டழற்சியா என்று பார்க்க வேண்டும். சிக்குன்குனியாவுக்குப் பின் வரும் மூட்டுவலி தனி. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நம்ம மாவட்டத்துல இது எதனால இவ்வளவு?

உலகம் முழுவதுமே அதிகம்தான். தேய்மானம் மட்டும் 2020-இல் உலகில் சுமார் 59.5 கோடிப் பேருக்கு இருந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். 2050-க்குள் அது 100 கோடியை நெருங்கும் என்கிறார்கள். இந்தியாவில் 1990-இல் சுமார் 2.3 கோடியாக இருந்தது 2019-இல் 6.2 கோடியைத் தாண்டிவிட்டது. ருமட்டாய்டு உலகம் முழுவதும் சுமார் 1.8 கோடிப் பேருக்கு. உயிரைச் சட்டென்று எடுக்காது என்பதால் செய்தித்தாளில் வராது. ஆனால் மனிதரை வேலை செய்ய முடியாமல் உட்காரவைக்கும் காரணங்களில் எலும்பு, மூட்டு, முதுகு நோய்களுக்குத்தான் உலகளவில் முதலிடம்.

தமிழ்நாட்டில் 2021 மதிப்பீட்டின்படி நூற்றில் 13.6 பேர் 60 வயதைக் கடந்தவர்கள். பக்கத்துக் கேரளத்தில் 16.5. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த நம் மாவட்டத்தின் குடும்ப அமைப்பும் கேரளத்தை ஒத்ததுதான். பிள்ளைகள் வளைகுடாவிலும் சென்னையிலும் இருக்க, ஊரில் முட்டைப் பிடித்துக்கொண்டு பெற்றோர் இருக்கிறார்கள்.

வயதோடு தொழிலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குத்தவைத்தும் முட்டிபோட்டும் செய்கிற வேலையோடு சுமையும் சேர்ந்தால் முட்டுத் தேய்மானம் கூடும் என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். நம் மாவட்டத்து வேலைகளை எண்ணிப் பாருங்கள். விடியும் முன்பே மலைச்சரிவில் ஏறி இறங்கி, மரத்துக்கு மரம் குனிந்து ரப்பர் பால் வெட்டுகிறவர். குத்தவைத்தே பொழுதைக் கழிக்கும் அண்டி ஆபீஸ் பெண்கள். ஈர மணலில் கால் புதையக் கரமடி வலை இழுக்கிறவர்கள். தலையில் மீன்கூடையோடு மேடேறுகிற அக்காமார். பனையேறிகளின் முட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவர்களிடம் “முட்டை மடக்காதீங்க” என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவது எனக்கு வெட்கமாக இருக்கும். மடக்காமல் கூலி கிடைக்காது. உட்காரும் பலகையை ஒரு சாண் உயர்த்துவது, மணிக்கொரு தடவை எழுந்து நிற்பது, கூடையின் பாரத்தை இரண்டு நடையாகப் பிரிப்பது என்று முடிந்ததைப் பார்ப்போம்.

குடும்பத்தின் மேல் விழும் பாரம் எந்தப் புள்ளிவிவரத்திலும் சரியாக ஏறுவதில்லை. ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்த நாள் கூலி போயிற்று. கூட வருகிறவருக்கும் போயிற்று. அம்மைக்கு, அதாவது அம்மாவுக்கு, தண்ணீர்க் குடம் தூக்க முடியாமல் போனால், பத்தாம் வகுப்புப் பிள்ளை காலையில் படிக்கிற நேரம் குடத்தோடு போகிறது. நான் போகிற வீடுகளில் இதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

எப்போ காத்திருக்கக் கூடாது?

ஒரே மூட்டு திடீரென்று வீங்கி, சிவந்து, தொட்டால் கொதித்து, காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். சில நாட்களிலேயே மூட்டை அழித்துவிடும், உயிருக்கும் ஆபத்து. சர்க்கரை நோய் இருப்பவர்கள் ஒரு ராத்திரிகூடத் தள்ளிப்போடாதீர்கள், எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள்.

கை, கால் கணுக்களில் வீக்கம் ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, காலை விறைப்பு அரைமணியைத் தாண்டினாலோ, எடை காரணமில்லாமல் குறைந்தாலோ அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடக் கூடாது.

ஆர்.ஏ. டெஸ்ட் பாசிட்டிவ் வந்திருக்கே, அப்போ எனக்கு ருமட்டாய்டா?

அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற அந்த ரத்தப் பரிசோதனை நோய் இல்லாதவர்களுக்கும் பாசிட்டிவ் வரும், நோய் இருப்பவர்களில் சிலருக்கு நெகட்டிவாகவும் வரும். ஆன்டி சிசிபி என்ற பரிசோதனை இன்னும் குறிப்பானது. ஈஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும். எல்லாவற்றையும் விட, டாக்டர் உங்கள் விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பது முக்கியம். கையைத் தொட்டுப் பார்க்காமல் எழுதும் சீட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எக்ஸ்ரேக்கும் இதே கதைதான். படத்தில் நன்றாகத் தேய்ந்திருப்பவர் பேச்சிப்பாறை மேட்டில் ஏறிப்போவார், படத்தில் கொஞ்சமே தேய்ந்தவர் படுத்துக்கிடப்பார். “முட்டுல தண்ணி வத்திப்போச்சு”, “எலும்பும் எலும்பும் உரசுது” என்ற பேச்சைக் கேட்டுப் பயந்து நடையை நிறுத்தியவர்கள் ஏராளம். வலியை விட அந்தப் பயம் அவர்களை அதிகம் முடக்கியிருக்கிறது.

மெத்தோட்ரெக்சேட் எழுதியிருக்காங்க. அது கேன்சர் மருந்தாமே?

கேன்சருக்கும் கொடுக்கிறார்கள், மிக அதிக அளவில். ருமட்டாய்டுக்குக் கொடுப்பது அதில் சிறு பங்கு. எதிர்ப்புச் சக்தியின் மூர்க்கத்தைத் தணித்து மூட்டு அழிவதைத் தடுக்கும் மருந்துகளில் இதுதான் பல ஆண்டுகளாக முதலில் நிற்பது. விலையும் குறைவு.

இதில் உயிர் விஷயம் ஒன்று இருக்கிறது. இது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மருந்து. தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து உயிரையே எடுத்துவிடும். நம் வீடுகளில் எல்லா மாத்திரையும் ஒரே டப்பாவில் கிடக்கும், கண் சரியாகத் தெரியாத பாட்டி தினமும் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொள்வார். அதனால் நான் போகிற வீடுகளில் மாத்திரை அட்டையிலேயே பேனாவால் “ஞாயிறு மட்டும்” என்று பெரிதாக எழுதி, தனி டப்பாவில் வைக்கச் சொல்வேன். சிலர் காலண்டரிலும் வட்டம் போட்டிருக்கிறார்கள். கூடவே ஃபோலிக் அமிலம் கொடுப்பார்கள், அதை விடக் கூடாது. ஈரல், ரத்த அணுக்கள் பார்க்கும் ரத்தப் பரிசோதனையை டாக்டர் சொன்ன இடைவெளியில் செய்ய வேண்டும். மது கூடாது. பிள்ளை பெற நினைப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும், கர்ப்பத்தில் இதைச் சாப்பிடவே கூடாது. வாயில் புண் வந்தாலோ, காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தாலோ உடனே காட்டுங்கள்.

பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். “ஒரு மாசம் தின்னேன், கேக்கல” என்று நிறுத்துகிறவர்கள் பலன் தொடங்கும் நேரத்தில் நிறுத்துகிறார்கள்.

கடையில வலி மாத்திரை வாங்கிப் போட்டா போதாதா?

இரண்டு மூன்று நாளைக்கு, வேறு நோய் இல்லாதவர்களுக்குப் பெரிய கேடில்லை. மாதக்கணக்கில் போட்டால் குடல்புண், ரத்தக்கசிவு, சிறுநீரகக் கெடுதல், ரத்தக்கொதிப்பு எல்லாம் வரும். சர்க்கரையும் பிரஷரும் இருப்பவர்களின் சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாக இருக்கும். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், எட்டோரிகாக்ஸிப் என்று அட்டையில் எந்தப் பெயர் இருந்தாலும் அதைக் காட்டி, “எனக்கு இது ஆகுமா?” என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். முட்டுக்கும் விரலுக்கும் மேலே பூசும் டைக்ளோஃபெனாக் ஜெல் நல்ல பலன் தரும், உள்ளுக்குப் போகும் கேடும் குறைவு. பலர் அதை அற்பமாக நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

ஆசானிடம் எண்ணெய் போட்டுத் தடவுறோம். அதை நிறுத்தணுமா?

வர்மமும் களரியும் வளர்ந்த மண் இது. அவற்றைக் கற்று வைத்தியம் பார்ப்பவரைத்தான் ஆசான் என்போம். தைலத்தின் சூட்டிலும் பழகிய கையின் தடவலிலும் தசை இளகி வலி தணிவதை நானே பார்த்திருக்கிறேன். தேய்மானத்துக்கும் தசைப்பிடிப்புக்கும் அது ஆறுதல்தான். கொதித்து வீங்கிய மூட்டைத் திருகவோ அழுத்தித் தேய்க்கவோ விடாதீர்கள். நல்ல ஆசான்மார் தாங்களே அதைத் தொட மாட்டார்கள்.

உள்ளுக்குச் சாப்பிடும் மருந்தில்தான் எனக்குப் பயம். அம்மாவின் பொடியைச் சொன்னேனே, ஒரே வாரத்தில் வலி பறந்தது. ஆறு மாதத்தில் முகம் உப்பி, சர்க்கரை ஏறி, தோலில் தொட்ட இடமெல்லாம் நீலம் கட்டியது. ஸ்டீராய்டு கலந்த மருந்தைத் தின்றவர்களிடம் காண்கிற அடையாளங்கள் அவை. பெயரும் உட்பொருளும் எழுதாத எதையும் வாங்காதீர்கள். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாது, உடம்பு நிலைகுலையும். பொட்டலத்தோடு டாக்டரிடம் போய் உள்ளதைச் சொல்லுங்கள். சித்தா, ஆயுர்வேதம் வேண்டுமென்றால் முறையாகப் படித்தவர்களிடம் போங்கள். நாகர்கோவில் கோட்டாற்றில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, பல அரசு ஆஸ்பத்திரிகளில் சித்தா பிரிவும் உண்டு. இரண்டு பக்க மருந்தும் சாப்பிடுவதை இரண்டு டாக்டரிடமும் மறைக்காதீர்கள்.

முடக்கற்றான் தோசை? தாராளமாகச் சாப்பிடுங்கள், நல்ல கீரை. மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும் ஞாயிற்றுக்கிழமையிலும் சாப்பிடலாம். அதை நம்பி இதை விடாதீர்கள்.

வலிக்கும்போது நடக்கலாமா? இன்னும் தேஞ்சிராதா?

நடக்கலாம். நடக்கத்தான் வேண்டும். மூட்டுக் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. பாரம் ஏறும்போது பஞ்சைப் போல அமுங்கி, இறங்கும்போது மூட்டுநீரை உறிஞ்சித்தான் அது சத்தெடுக்கிறது. உட்கார்ந்தே இருந்தால் அதற்குச் சாப்பாடு இல்லை. தொடைத்தசை இளைத்துவிட்டால் பாரம் முழுக்க முட்டின் மேல் இறங்கும். தேய்மானத்துக்கு உலகமெங்கும் முதல் சிகிச்சையாகச் சொல்லப்படுவது பயிற்சியும் எடைக்குறைப்பும்தான், மாத்திரை அதற்குப் பிறகுதான்.

கட்டிலில் காலை நீட்டி உட்காருங்கள். ஒரு துவர்த்தை, அதாவது துண்டை, சுருட்டி முட்டுக்கு அடியில் வையுங்கள். முட்டால் அதைக் கீழே அமுக்கி, ஐந்து எண்ணும்வரை அப்படியே பிடித்திருந்து, பிறகு தளர்த்துங்கள். தொடையின் மேல்தசை கல்லாக இறுகுகிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள், இறுகினால் சரியாகச் செய்கிறீர்கள். ஒரு காலுக்குப் பத்து தடவை, காலையும் மாலையும். ஒரு வாரம் கழித்து, கைப்பிடியுள்ள உயரமான நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி. முதலில் கையை ஊன்றி ஐந்து தடவை, பழகியபின் கையை ஊன்றாமல். எழுபது வயதுக்காரர்களும் ஆறு வாரத்தில் இதைச் செய்துகாட்டி, வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுப் பெருமையோடு காட்டுவார்கள். என் வேலையில் எனக்குப் பிடித்த நேரம் அது.

எவ்வளவு வலிக்கலாம்? செய்யும்போது கொஞ்சம் கூடலாம். மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட்டால் அளவு சரி. இறங்காவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், விட்டுவிடாதீர்கள். விறைத்த மூட்டுக்குச் சூடு ஒத்தடம், வீங்கிக் கொதிக்கும் மூட்டுக்குத் துணியில் சுற்றிய ஐஸ்.

எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டின் மேல் விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது. ஐந்து கிலோ குறைத்தவரின் முட்டு, அடிக்கு இருபது கிலோ கீழே இறக்கி வைத்தது போல.

கம்பு வைத்திருக்கிறவர்கள் பெரும்பாலும் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள். வலது முட்டு வலித்தால் கம்பு இடது கையில் இருக்க வேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் கம்பின் பிடி மணிக்கட்டு ரேகைக்கு நேரே வர வேண்டும்.

சாளை (மத்தி மீன்), மரச்சீனி (மரவள்ளி), புளி எல்லாம் விலக்கணுமா?

உருளைக்கிழங்கு வாயு, கத்திரிக்காய் வாதம், தயிர் ஆகாது என்று பட்டியல் நீளும். இவை மூட்டழற்சியை உண்டாக்கும் என்பதற்குச் சான்று இல்லை. ஒன்றைத் தின்றால் உங்களுக்கு வலி கூடுவதாகத் திரும்பத் திரும்பத் தோன்றினால் அதை மட்டும் விடுங்கள். மரச்சீனிக்கிழங்கில் வாதம் இல்லை, ஆனால் மாவு அதிகம். ஒரு தட்டு நிறையத் தின்றால் எடையும் சர்க்கரையும் ஏறும். கிழங்கின் அளவைக் குறைத்து, தொட்டுக்கொள்ளும் மீன்கறியை அதிகமாக்கிக்கொள்ளுங்கள்.

சாளையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதில் உள்ள ஒமேகா கொழுப்பு ருமட்டாய்டுக்காரர்களுக்கு நல்லது. கவுட் இருப்பவர்களுக்கு அதே சாளையும் நெத்தோலியும் யூரிக் அமிலத்தை ஏற்றும். அடுத்த வீட்டுக்காரரின் பத்தியம் உங்களுக்கு ஒத்துவராமல் போவது இதனால்தான். கவுட்டுக்கு ஈரல், குடல், ஆட்டிறைச்சி, இறால் ஆகியவற்றையும் குறைக்க வேண்டும். பீர் உள்பட எந்த மதுவும் வேண்டாம், சர்க்கரை கலந்த குளிர்பானமும் அப்படியே. தண்ணீர் நிறையக் குடியுங்கள். ஆனால் பத்தியத்தால் மட்டும் யூரிக் அமிலம் அதிகம் இறங்காது. திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு அலோபுரினால் போன்ற மருந்து கொடுத்து, அளவை 6-க்குக் கீழே வைத்திருப்பார்கள். தொடங்கிய புதிதில் ஒன்றிரண்டு தடவை வலி வரலாம், அதற்காக நிறுத்தாதீர்கள். தோலில் தடிப்பு வந்தால் மட்டும் உடனே நிறுத்தி டாக்டரைப் பாருங்கள். வலியே வராமல் ரிப்போர்ட்டில் மட்டும் யூரிக் அமிலம் கொஞ்சம் கூடியிருந்தால், பெரும்பாலோருக்கு மருந்து தேவைப்படாது.

புகையிலை ருமட்டாய்டு வரும் வாய்ப்பைக் கூட்டுவதோடு மருந்தின் வேலையையும் கெடுக்கும். பீடி குடிக்கிறவர்கள் பத்தியத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

சிக்குன்குனியா வந்து வருஷமாச்சு. இன்னும் கணுக்கால் வலிக்குதே?

2006-இல் இந்தியா முழுவதும் சுமார் 13.9 லட்சம் பேருக்கு வந்ததாகச் சந்தேகிக்கப்பட்ட காய்ச்சல் அது. தமிழ்நாடும், அடுத்தடுத்து கேரளமும் நன்றாக அடிபட்டன. தான்சானியாவின் மக்கொண்டே மொழியில் அந்தப் பெயருக்கே வளைந்து மடங்குவது என்றுதான் பொருள். பலருக்குச் சில வாரங்களில் சரியாகும், சிலருக்கு மாதங்களும் ஆண்டுகளும் நீடிக்கும். மூன்று மாதத்துக்கு மேல் வீக்கம் இருந்தால் காய்ச்சலின் மிச்சம் என்று விட்டுவிடாமல் பரிசோதிக்க வேண்டும். சிலருக்கு ருமட்டாய்டைப் போன்ற சிகிச்சையே தேவைப்படும்.

ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். மழைக்காலத்தில் பால் வெட்டு நிற்கும்போது மரத்தில் கட்டிய சிரட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள். ஒவ்வொரு சிரட்டைத் தண்ணீரிலும் சிக்குன்குனியாவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும்.

மழை வந்தா வலி கூடுதே?

பலரும் சொல்வது உண்மையான அனுபவம்தான், ஆய்வுகள் இன்னும் ஒரே முடிவுக்கு வரவில்லை. இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில் நமக்கு இந்தக் கேள்வி வருடத்தில் பாதி நாள் வரும். மழையால் மூட்டு கெடுவதில்லை. சாரலுக்குப் பயந்து இரண்டு மாதம் நடக்காமல் இருப்பதுதான் கெடுதல். திண்ணையிலேயே நடங்கள்.

முட்டு மாற்று ஆபரேஷன் எப்போ? எவ்வளவு ஆகும்?

பயிற்சி, எடை, மருந்து எல்லாம் ஒழுங்காகச் செய்தும் ராத்திரித் தூக்கம் போய், கழிப்பறைக்கு நடப்பதே பாடாகிவிட்டால் யோசிக்கலாம். எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். மாற்றிய முட்டு நூற்றில் எண்பது பேருக்கு 25 ஆண்டுவரை உழைப்பதாகப் பெரிய ஆய்வுகள் சொல்கின்றன. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முட்டுக்கு விலை உச்சவரம்பு வைத்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகை 1,58,324 ரூபாயிலிருந்து 54,720 ரூபாய்க்கு இறங்கியது, ஜிஎஸ்டி தனி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் முதலில் விசாரியுங்கள். கடன் வாங்குவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

தேய்மானத்துக்காக முட்டுக்குள் குழாய் விட்டுக் கழுவிச் சுத்தம் செய்கிறோம் என்று யாராவது சொன்னால், வேறொரு டாக்டரிடமும் கேளுங்கள். பயனில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

சின்னப் பிள்ளைக்கும் வருமா?

வரும். காலையில் நொண்டிவிட்டு மத்தியானம் ஓடி விளையாடும் பிள்ளை நடிக்கவில்லை. வீக்கம் ஆறு வாரம் நீடித்தால் சிறார் மூட்டழற்சியா என்று பார்க்க வேண்டும். கண்ணையும் கட்டாயம் காட்ட வேண்டும், வலியே இல்லாமல் உள்ளே அழற்சி ஓடிப் பார்வையைக் கெடுக்கும். தொண்டைவலி வந்து இரண்டு மூன்று வாரம் கழித்து வலி ஒரு மூட்டிலிருந்து இன்னொரு மூட்டுக்குத் தாவினால் அது ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம். மூட்டு சரியாகிவிடும், இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போகும். மூன்று வாரத்துக்கொரு பெனிசிலின் ஊசி என்று டாக்டர் சொன்னால், பிள்ளை நன்றாக இருக்கிறதே என்று நிறுத்தாதீர்கள்.

எங்கே போய்க் காட்டுவது?

முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். அடுத்து தக்கலையில் உள்ள பத்மநாபபுரம் அரசுத் தலைமை மருத்துவமனை, அல்லது ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி. வாதநோய்க்கென்றே படித்த டாக்டர்கள் நாடு முழுவதும் குறைவுதான். நம் பக்கத்திலிருந்து பலர் நாகர்கோவிலிலிருந்து 70 கிலோமீட்டர் தள்ளித் திருவனந்தபுரம் வரை போகிறார்கள். போகும் முன் பழைய சீட்டு, எக்ஸ்ரே, மாத்திரை அட்டைகளை ஒரே பையில் போடுங்கள். கை வீங்கிய நாளில் போனில் ஒரு படம் எடுத்து வைத்திருங்கள், டாக்டரைப் பார்க்கும் நாளில் பெரும்பாலும் வீக்கம் இருக்காது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் சேர்ந்திருக்கிறது. பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுக்க வருகிற அக்காவிடம் பலர் முட்டுவலியைச் சொல்வதே இல்லை. ரத்தக்கொதிப்பை அளக்கக் கருவி கொண்டுவருகிறார்கள், வலியை அளக்கக் கருவி இல்லை. நீங்கள் வாய் திறந்து சொன்னால்தான் பதிவாகும்.

தரையில் உட்காராமல் எப்படிச் சாமி கும்பிடுவது?

நாற்காலியில் உட்கார்ந்து கும்பிடுங்கள். கோவிலோ, சர்ச்சோ, தொழுகையோ, பின்வரிசையில் நாலு நாற்காலி போட நிர்வாகிகளிடம் கேளுங்கள். முட்டிபோட முடியவில்லையே என்று பூசைக்கே போகாமல் நின்றுவிட்ட ஒரு மாமியை எனக்குத் தெரியும். இப்போது போகிறார்.

நோய் எனக்கில்லை, அம்மைக்கு. நான் என்ன செய்யட்டும்?

காலையில் அவசரப்படுத்தாதீர்கள். ருமட்டாய்டுக்காரருக்குக் காலை ஆறு மணி வேறு, ஒன்பது மணி வேறு. கிழிக்க முடியாத மாத்திரை அட்டையை ராத்திரியே கிழித்து வையுங்கள். கட்டிலின் காலுக்கடியில் கட்டை வைத்து உயர்த்துங்கள். கழிப்பறையில் மேற்கத்திய இருக்கையும் சுவரில் ஒரு கம்பியும் வையுங்கள்.

எங்கள் வீட்டில் திருகும் பைப்பைக் கழற்றிவிட்டு, முழங்கையால் தட்டினாலே திறக்கும் நீளப்பிடி பைப்பை மாட்டினோம். கரண்டிப் பிடிகளில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டினேன், தடிமனாக இருந்தால் சாய்ந்த விரலாலும் பிடிக்க முடியும். தேங்காயைத் துருவ அம்மாவால் இன்னும் முடியாது, அது என் வேலை. மீன்குழம்பை இறக்குமுன் உப்பு பார்ப்பது அவர் வேலை. அந்தக் கரண்டியைத்தான் எடுப்பார்.